பூகம்பம் அண்ணனும் பன்னிரண்டாவது தூணும்

மதுரை மாவட்டத்தில் இருக்கிற அத்தனை கட்டடங்களையும் சந்தேகக் கேஸில் வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் பூகம்பம் அண்ணன்தான். வீடு, கடை, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, மேம்பாலம் எதற்கும் அவரிடம் ஜாமீன் கிடையாது. நாற்பது வருஷமாக ஒரு கட்டடம் அசையாமல் நின்றிருந்தால், "இம்புட்டு நாளா ஒண்ணும் ஆகலைன்னா அதுலதான் என்னமோ இருக்கு" என்பார். போன மாசம் கட்டி முடித்தது என்றால், "அது பச்சப்புள்ள, இன்னும் ஒண்ணையும் பாக்கல" என்பார். இரண்டுக்கும் நடுவே இருபது வருஷக் கட்டடம் ஒன்றைக் காட்டினால் எதுவும் சொல்லாமல் உதட்டைப் பிதுக்குவார். இருப்பதிலேயே மோசமான தீர்ப்பு அதுதான்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் கோச்சடையில் ரேஷன் கடைக்காரர் ஒருவருக்கு மட்டும் தெரியும். அவரும் அந்தப் பெயரைச் சொன்னால் வரிசையில் யாரும் நகர்வதில்லை என்பதால், "பூகம்பம் அண்ணே, வந்து கைரேகை வைங்க" என்றுதான் கூப்பிடுவார். சொந்த ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். தொழில், கம்பி கட்டுவது. கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் தூணுக்கும் உத்தரத்துக்கும் உள்ளே இரும்புக் கம்பிகளைக் கூடு மாதிரிக் கட்டி நிறுத்துவார்களே, அந்த வேலை. எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு எலும்பு அவர் கையால் கட்டியது. என் வீட்டுக்கும் அவர்தான்.

இத்தனை வீடுகளுக்கு எலும்பு கட்டிய மனிதர் குடியிருந்தது தெருக்கோடியில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில். ஏன் அண்ணே, ஒரு மாடி போட்டுக்கொள்ளக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன்.

"மாப்ள, தகரம் விழுந்தா தலையில பொடச்சுக்கிரும். கான்கிரீட்டு விழுந்தா பொடைக்கிறதுக்குத் தல இருக்காது."

அவர் எப்போதும் இப்படி இருந்தவர் இல்லை. என் வீட்டுக்குக் கம்பி கட்டிய காலத்தில் சாரத்தில் நின்றுகொண்டு பாட்டுப் பாடுவார், மூன்றாவது மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லாத விளிம்பில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிடுவார். அதன் பிறகு வடக்கே மலைநாட்டில் பெரிய ஓட்டல் கட்டுகிறார்கள் என்று ஒரு கோஷ்டியோடு கிளம்பிப் போனார். சில வருஷம் ஆள் இல்லை. அங்கே பூகம்பம் வந்தது, வேலை நின்றது, திரும்பி வந்தார். என்ன நடந்தது என்று யார் கேட்டாலும், "ஆடுச்சு. அப்பறம் ஆடுச்சு" என்பதோடு முடித்துக்கொள்வார். ஆனால் வந்த நாளிலிருந்து எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வீட்டுக்காரரைப் பார்க்கும் முன் தூணைப் பார்ப்பார். விரல் முட்டியால் நாலு தட்டு, காதை வைத்து ஒரு கேட்பு, அதற்குப் பிறகுதான், "சௌரியமா இருக்கியா மாப்ள?" தூண் சௌரியமாக இல்லாத வீட்டில் அந்தக் கேள்வியே வராது, வாசலிலிருந்து அப்படியே திரும்பிவிடுவார்.

தெரு சும்மா இருக்குமா? மணல் லாரி போய் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தால், "அண்ணே, வந்துருச்சு, ஓடுங்க!" என்று கத்துவோம். டீக்கடையில் மிக்ஸி ஓடினால், "பத்து ரிக்டரு இருக்குமாண்ணே?" என்போம். அவர் கோபப்பட மாட்டார். கையிலிருக்கிற டீயைத்தான் பார்ப்பார். டீ ஆடவில்லை என்றால் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

ஒரு கல்யாணத்தில் அவர் செய்த காரியத்தை இன்றைக்கும் எங்கள் பக்கம் சொல்லிச் சிரிப்பார்கள். நல்ல முகூர்த்த நேரம். நாதஸ்வரம் உச்சத்தில் இருக்கிறது, அட்சதை எல்லோர் கையிலும் இருக்கிறது. அண்ணன் மணமேடைக்குப் பக்கத்தில் போய் அங்கிருந்த பெரிய வெள்ளைத் தூணைத் தட்டினார். டொக்கு டொக்கு என்று பெட்டி மாதிரிச் சத்தம் வந்தது. மறுபடி தட்டினார். முகம் வெளிறிவிட்டது.

"யோவ், உள்ள ஒண்ணுமே இல்ல! காலித் தூணு! பொண்ணு மாப்பிள்ளய எறக்குங்க!"

மேளக்காரர் நிறுத்திவிட்டார். பெண்ணின் அப்பா ஓடிவந்தார். அலங்காரம் செய்த ஆளும் ஓடிவந்து, "அண்ணே, அது பிளைவுட்டுண்ணே, தூணே இல்லண்ணே, டெக்கரேசனு!" என்று கும்பிட்டார். அண்ணன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "தூணு இல்லாத எடத்துல தூணு மாதிரி எதுக்குய்யா வைக்கிறீக? மனுசன் நம்பிர மாட்டானா?" என்று திருப்பிக் கேட்டார். தாலி பத்து நிமிஷம் தாமதமாகக் கட்டப்பட்டது.

இவ்வளவு தெரிந்த நான் அவரிடம் ஒரு விஷயத்தை மறைத்துவைத்திருந்தேன்.

என் வீட்டுக்குப் பன்னிரண்டு தூண். அதில் ஒன்று, கார் நிற்கும் போர்டிகோவின் நடுவே, தலைவாசலுக்கு நேர் எதிரே நின்றது. அதற்கு மேலேதான் மாடி ஹால். மகள் கயலுக்கு வரன் பார்க்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியும் ஒன்றும் அமையவில்லை. ஜாதகம் பார்த்தோம், பரிகாரம் செய்தோம். கடைசியில் வாஸ்து பார்ப்பவர் ஒருவரைக் கூட்டிவந்தோம். அவர் காரிலிருந்து இறங்காமலே கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "தூண்குத்து. வாசலை மறிச்சு நிக்கிது. வரன் எப்படி உள்ள வரும்?" என்றார். எனக்குச் சரியாகத்தான் பட்டது. ஒரு மத்தியானம் டிரில்லிங் மிஷினோடு இரண்டு பேர் வந்து தூணை அறுத்துத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த மூன்றாவது மாசம் திருச்சிப் பக்கத்திலிருந்து வரன் வந்தது, பிடித்தது, கல்யாணமும் நடந்தது. அந்த வாஸ்துக்காரரை என் மனைவி செல்வி குலதெய்வத்துக்கு அடுத்த இடத்தில் வைத்தாள்.

இதெல்லாம் அண்ணன் வடக்கே இருந்தபோது நடந்தது. அவர் திரும்பி வருகிறார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே என் இரும்பு கேட்டுக்கு மேலிருந்து கீழ் வரை தகரம் அடித்துவிட்டேன். அவர் தெருவில் வந்தால் நானே வெளியே ஓடிப்போய், "வாங்கண்ணே, டீ சாப்பிடலாம்" என்று கடைக்குத் தள்ளிக்கொண்டு போவேன். என்னைப் போல் உபசரிக்கிற ஆள் கிடையாது என்று அவர் பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

அப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். ஒரு வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்குப் பூமி ஆடியது.

பெரிதாக ஒன்றும் இல்லை. நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாம்பார்க் கிண்ணம் தானாகத் தட்டிலிருந்து கிளம்பி மேஜை ஓரம் வரை போயிற்று. பரணில் இருந்து ஒரு தூக்குவாளி உருண்டது. தெரு நாய்கள் ஒரே குரலில் ஊளையிட்டன. அடுத்த நிமிஷம் கோச்சடை முழுக்க ரோட்டில் நின்றது. பாதிப் பேர் முகத்தில் சோப்பு நுரை. ஆட்டம் நின்றதும் சிரிப்பு ஆரம்பித்தது. "எங்க வீட்டுல டிவி ஆடுச்சு", "எங்க வீட்டுல மாமியாரே ஆடிட்டாக" என்று ஆளாளுக்குப் பெருமை. வீடுகள் எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. இட்லி ஆறிவிடுமே என்று எல்லோரும் உள்ளே திரும்பினோம்.

அப்போதுதான் தெருக்கோடியிலிருந்து அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"உள்ள போகாதீக! எவனும் உள்ள போகாதீக! பாத்துட்டுப் போங்கய்யா!"

யாரும் நிற்கவில்லை. ஒருத்தர் மட்டும், "அதான் முடிஞ்சுபோச்சேண்ணே" என்றார்.

"முடிஞ்சுபோச்சுன்னு ஒன்ட்ட யாரு சொன்னா? பெருசு வந்தா அதுக்குப் பின்னாடி சிறுசு சிறுசா வரும். இன்னைக்கும் வரும், பத்து நாளு கழிச்சும் வரும், வராமலும் போகும். அதுக்குக் காலண்டரு கெடையாது. மொத ஆட்டத்துல வீடு நின்னுருச்சுன்னு சந்தோசப்படுறீக. உள்ளுக்குள்ள அது என்ன அடி வாங்குச்சுன்னு பாத்தீகளா? ஜல்லிக்கட்டுல மாடு முட்டி எந்திரிச்சு நிக்கிறவன அடுத்தாப்ல ஒரு கன்னுக்குட்டி இடிச்சாலே உக்காந்துருவான். அவன் நிக்கிறானேன்னு வாடிவாசல்ல விடுவீகளா?"

நல்ல உதாரணம்தான். ஆனால் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. தெரு காலியாகிவிட்டது. நானும் கேட்டை நோக்கி நகர்ந்தேன். பதற்றத்தில் வெளியே ஓடிவந்தபோது அந்தக் கேட்டை ஆ என்று திறந்துபோட்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. அண்ணன் ஏற்கெனவே உள்ளே போய்விட்டார்.

நான் போனபோது அவர் போர்டிகோவில் நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பின்பக்கம் போய்ச் சுற்றி எண்ணிக்கொண்டு வந்தார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"மாப்ள."

"சொல்லுங்கண்ணே."

"பன்னெண்டுல்ல கட்டுனேன்?"

"அப்படியாண்ணே?"

"பதினொண்ணுதான இருக்கு?"

"டீ சாப்பிடலாமாண்ணே?"

அவர் தரையைப் பார்த்தார். தூண் இருந்த இடத்தில் பதித்த புது டைல்ஸ் மட்டும் கொஞ்சம் வேறு நிறம். பிறகு மேலே பார்த்தார். உத்தரத்தின் அடியில், சரியாக அந்த இடத்தில், ஒரு விரிசல் இருந்தது. முந்தின நாள் இல்லாத விரிசல். மாடி ஹாலுக்கு ஏறிப் போனோம். அங்கே ஜன்னல் மூலையிலிருந்து இன்னொன்று குறுக்காகக் கிளம்பியிருந்தது. அண்ணன் துணிப்பையிலிருந்து விரல் நீளக் கண்ணாடித் துண்டுகளை எடுத்தார். போட்டோக் கடையில் பிரேம் போடும்போது வெட்டிப்போடுகிற சில்லுகள். விரிசலுக்குக் குறுக்கே ஒவ்வொன்றாக வைத்து இரண்டு முனையையும் பிளாஸ்டரால் ஒட்டினார். பக்கத்தில் பென்சிலால் தேதி போட்டார்.

"இது ஒடஞ்சுச்சுன்னா விரிசல் நடக்குதுன்னு அர்த்தம். கண்ணாடி நீள்றதும் இல்ல, வளையிறதும் இல்ல. பொய் சொல்லாது. ஒன்ன மாதிரி இல்ல."

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தூண்குத்து, வாஸ்துக்காரர், டிரில்லிங் மிஷின், தகரம், அத்தனை டீயும் எதற்காக என்பது உட்பட. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் படியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். "எட்டுக் கம்பி போட்ட தூணுடா அது," என்று மட்டும் சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் இன்ஜினியரைக் கூப்பிட்டு ஆற அமரப் பார்த்திருக்கலாம். ஆனால் வரும் ஞாயிற்றுக்கிழமை அதே மாடி ஹாலில் கயலுக்கு வளைகாப்பு. வழக்கமாக மாப்பிள்ளை வீட்டில் நடத்தித்தான் பெண்ணைக் கூட்டிவருவோம். எங்களைப் பார்த்துவிட்டுப் போக வந்த இடத்தில் அவள் இனிமேல் பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பெரிய மனசு பண்ணிச் சம்பந்தி வீட்டார் வேன் பிடித்து இங்கே வருகிறார்கள். எண்பது பேர். அன்றைக்கு நல்ல முகூர்த்தம். மதுரையில் ஒரு மண்டபம் கிடையாது. இந்த விரிசல் உத்தரத்தின் தலைமேல் எண்பது பேரையும் ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சியையும் உட்காரவைக்கப் போகிறோம் என்று அண்ணனுக்குத் தெரிந்தது அந்தப் படியில் வைத்துத்தான்.

"தள்ளிப் போடு."

"முடியாதுண்ணே. ஏழாம் மாசம் முடியப்போகுது."

"அப்ப தெருவுல பந்தலப் போட்டு வையி."

இதற்குள் செல்வி வந்துவிட்டாள். அவளுக்கு அண்ணன் மேல் மரியாதை உண்டு. ஆனால் சம்பந்திகள் விஷயத்தில் அவளுக்கு யார் மேலும் மரியாதை கிடையாது. "ரோட்டுல ஒக்கார வச்சா எம்புள்ளைக்கு வளையல் போடுறது? வீடு இல்லாத வீட்டுலயா பொண்ணெடுத்தோம்னு அவுக காலத்துக்கும் சொல்லிக்காட்ட மாட்டாகளா?"

"சரி தங்கச்சி. அப்ப அந்த எடத்துல ஒரு முட்டாவது குடுக்கிறேன். தளம் போடுறப்ப நிறுத்துவோமே, இரும்பு ஜாக்கி. அத நட்டுத் திருகி உத்தரத்தத் தாங்கிக்கிறேன்."

"எந்த எடத்துல?"

"தூணு இருந்த எடத்துலதான்."

செல்வியின் முகம் மாறியது. நான் எதிர்பார்த்த சண்டை வரவில்லை.

"வேணாம்ணே. அது போயி மூணாவது மாசம்தான் எம்புள்ளைக்கு வாழ்க்கையே வந்துச்சு. மறுபடி அதே எடத்துல கொண்டாந்து நட்டா, அவ வயித்துல இருக்குறதுக்கு எதும் ஆச்சுன்னா? எனக்குப் பயமா இருக்குண்ணே. நீங்க சிரிப்பீக. எனக்குப் பயமா இருக்கு."

அண்ணன் சிரிப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். பிளைவுட் தூணையே விடாத மனிதர். ஆனால் அவர் படியிலிருந்து எழுந்து, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"தங்கச்சி, அங்கிட்டு மலைமேல இதே மாதிரிதான் காலையில ஆடுச்சு. எல்லாரும் வெளிய ஓடியாந்துட்டோம். கட்டடம் அப்படியே நிக்கிது. நாங் கட்டுன கம்பிடான்னு நெஞ்சத் தட்டிக்கிட்டேன். டீ குடிச்சோம். எஞ்செல்போனு ரெண்டாவது மாடில கெடந்துச்சு. கூட வேல பாத்தவன் திருவாதவூர்க்காரன், என் வயசுதான். 'அதான் ஆடி முடிஞ்சிருச்சே, போய் எடுத்துட்டு வாடா'ன்னேன். சிரிச்சுக்கிட்டே போனான்."

துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"மொத ஆட்டத்துல பாதிகூட இல்ல அந்த ரெண்டாவது ஆட்டம். ஆனா கட்டடத்துக்குத் தெம்பு இல்ல. ஒனக்கு ஒரு பயம், எனக்கு ஒரு பயம். ரெண்டையும் வச்சு ஒரு வழி பாப்போம். வாசலுக்கு நேரா எதுவும் வராது. அது எம்பொறுப்பு."

மறுநாள் அவர் ஒரு டேப்பை வைத்துக்கொண்டு போர்டிகோவில் தவழ்ந்தார். வாசல் நிலைக்குக் கிழக்கே ஒரு ஜாக்கி, மேற்கே ஒரு ஜாக்கி, இரண்டின் தலையிலும் குறுக்காக ஒரு கனத்த இரும்பு உத்தரம், அது விரிசல் விழுந்த உத்தரத்தைத் தாங்கும். நடுவில் வாசல் திறந்து கிடக்கும். தூண்குத்து இல்லை, முட்டும் உண்டு. செல்வி வாசலில் நின்று நேராகப் பார்த்தாள், சாய்ந்து பார்த்தாள், நிலைக்கண்ணாடியைக் கொண்டுவந்து பின்பக்கமாகப் பார்த்தாள். பிறகு இரண்டு ஜாக்கிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து வாழைமரம் கட்டச் சொல்லிவிட்டாள். ஐந்தே நிமிஷத்தில் அது வளைகாப்பு வீட்டு அலங்காரமாகிவிட்டது.

"இப்பவும் நான் வேணாம்னுதான் சொல்லுவேன்," என்றார் அண்ணன். "நீங்க கேக்க மாட்டீக. அதனால இன்னும் மூணு காரியம் இருக்கு."

முதல் காரியம், ஞாயிறு காலையில் மொட்டைமாடித் தொட்டியைத் திறந்துவிட்டார். இரண்டாயிரம் லிட்டர். "ரெண்டு டன்னு மாப்ள! தலையில ரெண்டு டன்னத் தூக்கி வச்சுக்கிட்டு ஆடுனா எந்த வீடு தாங்கும்?" எண்பது பேர் வருகிற நாளில் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தொட்டித் தண்ணீர் பைப் வழியாகத் தெருவில் பாய்ந்ததைப் பார்த்து அக்கம்பக்கத்துப் பெண்கள் குடத்தோடு வந்து வரிசை கட்டிவிட்டார்கள். என்ன விசேஷம் என்று வழியில் போன ஒருவர் கேட்டதற்கு, யாரோ "நீர்மோர் மாதிரி, தண்ணி தானம்" என்று சொல்ல, அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவதாக, பந்தியைப் பக்கத்துக் காலி மனைக்கு மாற்றிவிட்டார். மூன்றாவது காரியம்தான் வில்லங்கம். நம் வீட்டு விசேஷங்களில் செருப்பு எங்கே கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மாடிப்படியில், முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை, ஜோடி பிரிந்து, ஒன்றின் மேல் ஒன்றாக. "அவசரத்துல எறங்குறப்ப இதுல கால வச்சா அம்புட்டுப் பேரும் உருண்டு வருவீக" என்று சொல்லி, வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே போகப் போக, அண்ணன் அள்ளி அள்ளித் தெருவுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்.

சம்பந்தி ஏதோ மறந்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். கைலி கட்டின ஒரு மனிதர் இரண்டு கை நிறையச் செருப்போடு கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார். மேலாக இருந்தது சம்பந்தியின் புதுத் தோல் செருப்பு.

"யோவ்! எங்க கொண்டுபோற?"

"ரோட்டுக்குங்க."

"எதுக்கு?"

"பூகம்பம் வரும்ல, அதுக்குங்க."

சம்பந்தி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். "உங்க சொந்தமா?" என்று கேட்டார். நான் தலையை இல்லை என்றும் ஆமாம் என்றும் தெரியாதபடி ஆட்டிவைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மேலே விசேஷம் களைகட்டியது. கயல் பட்டுப்புடவையில், சந்தனம் பூசிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவராக வந்து வளையல் அடுக்கினார்கள். வந்த பெண்களுக்கும் ஆளுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல். பாட்டு, சிரிப்பு, குழந்தைகள் ஓட்டம். நான் ஓரமாக நின்று ஜன்னல் மூலையிலிருந்த கண்ணாடிச் சில்லைப் பார்த்தேன். முழுசாகத்தான் இருந்தது. கீழே போய் அண்ணனைச் சாப்பிடச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் சொன்னது வளையல்கள்தான். யாரும் கையை அசைக்கவில்லை. ஹால் முழுக்க எல்லோர் கையிலும் வளையல் தானாகக் கிலுகிலுத்தது. பாட்டுப் பாடியவர் நிறுத்திவிட்டார். அப்புறம்தான் தரை ஆடியது காலுக்குத் தெரிந்தது. ஜன்னல் மூலையில் பட் என்று ஒரு சத்தம்.

கீழேயிருந்து அண்ணன் குரல் வந்தது. "எறங்குங்க! தள்ளாம எறங்குங்க! படி காலியா இருக்கு!"

படி காலியாகத்தான் இருந்தது. ஒரு செருப்புக்கூட இல்லை. எண்பது பேர் எப்படி இறங்கினார்கள் என்றே தெரியவில்லை, யாரும் விழவில்லை. ரோட்டில் வெயிலில் எல்லோருடைய செருப்பும் ஜோடி சேர்த்து வரிசையாக இருந்தன. சம்பந்தி தன் தோல் செருப்பில் கால் நுழைத்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வெளியே வந்த முதல் ஆள் அவர், இரண்டாவது ஆள் நான்.

கண்ணாடிச் சில்லு இரண்டாக உடைந்திருந்ததும், மறுநாள் வந்த இன்ஜினியர் அதையும் விரலே நுழைகிற அளவுக்கு விரிந்திருந்த உத்தரத்தையும் ஜாக்கிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது இல்லேன்னா..." என்று ஆரம்பித்து, செல்வி நிற்பதைப் பார்த்து வாக்கியத்தை முடிக்காமல் விட்டதும், நாங்கள் நாலு மாசம் வாடகை வீட்டில் இருந்து தூணைத் திரும்பக் கட்டியதும் பின்னால் நடந்தவை. கயலுக்குப் பிறந்த பெண் குழந்தை, பன்னிரண்டு தூணோடும் நன்றாகத்தான் வளர்கிறாள். அண்ணன் இப்போது கொட்டாம்பட்டிக்கே போய்விட்டார். அங்கே சந்தேகப்படக் கட்டடங்கள் குறைவு, நிம்மதியாக இருக்கிறேன் என்று போனில் சொன்னார்.

ஆனால் அன்றைக்கு ரோட்டில் நின்றபோது எனக்கு உறைத்தது இரண்டே விஷயம். கயலைக் காணோம். அண்ணனையும் காணோம். கேட்டுக்குள் திரும்ப ஓடினேன்.

போர்டிகோவில் மேலிருந்து சிமெண்டுத் தூள் மாவு மாதிரிக் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில், கிழக்குப் பக்கத்து ஜாக்கியை வாழைமரத்தோடு சேர்த்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, தோளை முட்டுக்கொடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு அண்ணன் நின்றார். எந்தக் கட்டடத்துக்குள்ளும் சந்தேகம் தீராமல் நுழையாத மனிதர்.

"அண்ணே, வெளிய வாங்க!"

"கயலு எறங்கிட்டாளா?"

அவள் அப்போதுதான் கடைசி ஆளாக, செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு, பைய பைய இறங்கிக்கொண்டிருந்தாள். கடைசிப் படியில் நின்று அவரைப் பார்த்தாள். "மாமா, வாங்க மாமா," என்று அழுதாள்.

"நீ போ தாயி. நீ ரோட்டுக்குப் போய்ச் சேரு, நான் விட்டுர்றேன்."

அவள் ரோட்டுக்குப் போய்விட்டாள். ஆட்டமும் நின்றுவிட்டது. அவர் விடவில்லை. ஒரு ஆள் தோள்கொடுத்து நிறுத்துகிற வீடா இது என்று கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் போய், இரும்பில் இறுகிக் கிடந்த அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கம்பி கட்டிக் கட்டிக் காய்த்துப்போன விரல்கள்.

"அம்புட்டுப் பேரும் வெளிய இருக்காகண்ணே. உள்ள யாரும் இல்ல."

"நெசமா?"

"நெசமாண்ணே. ஒருத்தர்கூட இல்ல."

அப்புறம்தான் கண்ணைத் திறந்தார். கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். ரோட்டுக்கு வந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோதும், அந்தக் கையை விட எனக்கு மனசே வரவில்லை.